தோற்ற தீர்மானம்

(கோவையில் உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்காக நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)

  

எனக்கு இன்று தரப்பட்டிருக்கும் பொருள், மேடைக்கு ஏற்ற பொருள் அல்ல. வெற்றியைப் பற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். எதிரியைப் பற்றிப் பேசினால் ஆரவாரம் கிடைக்கும். என்னையோ, தோல்வியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நாடறிந்த தேர்தல் தோல்வியை அல்ல. எட்டுப்பேர் கூடிய ஒரு குழுவின் அறையில், தேநீர் ஆறுவதற்குள் தோற்றுப்போன ஒரு தீர்மானத்தைப் பற்றிப் பேசு என்று பணித்திருக்கிறார்கள். பணிக்குத் தலைவணங்குகிறேன். ஏனெனில், நமது தோழர்களில் பலர் மக்களிடம் பெற்ற நம்பிக்கையை இழப்பது தேர்தல் களத்தில் அல்ல. அந்தச் சிறிய அறையிலேதான்.

சில திங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் என் இல்லம் தேடி வந்தார். முதன்முறையாக மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தமது வட்டத்திலே கழிவுநீர் வாய்க்கால் கட்ட வேண்டுமென்று பணிகள் குழுவிலே தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஐந்து. தீர்மானம் தோற்றது. "அண்ணா! இனி அந்தக் கூட்டத்துக்குப் போய் என்ன பயன்? போனாலும் வெளிநடப்புச் செய்யத்தான் போவேன்" என்றார். முகமெல்லாம் சினம்.

"தம்பி, எதனால் தோற்றது?" என்று கேட்டேன்.

"அவர்கள் ஐந்து பேர், நாங்கள் மூன்று பேர்" என்றார்.

"அது கணக்கு. நான் கேட்டது காரணம்" என்றேன். அவரால் விடை கூற முடியவில்லை. அந்த இளைஞருக்கு அன்று இரவு நான் சொன்னவற்றைத்தான் இன்று உங்கள் முன் விரித்துரைக்கப் போகிறேன்.

தோல்வியிலும் வகை உண்டு

தீர்மானம் "போய்விட்டது" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். எப்படிப் போயிற்று என்று பார்ப்பதில்லை. நோயின் பெயர் தெரியாமல் மருந்து கொடுக்க இயலுமா?

வழிமொழிவார் ஒருவரும் இல்லாமல் வீழ்வது முதல் வகை. இங்கே மன்றம் உங்கள் கருத்தை மறுக்கவில்லை. அதை ஆராயவே இல்லை. குற்றம் பெரும்பாலும் நம்முடையது. அறைக்குள் நுழையுமுன் ஓர் உறுப்பினரிடமாவது பேசியிருந்தால் இது நேர்ந்திராது.

"ஒத்திவைக்கப்படுகிறது" என்பது இரண்டாவது வகை. தோழர்களே, இந்தச் சொல்லிடம் மிகுந்த எச்சரிக்கையோடு இருங்கள். எந்தக் கூட்டத்துக்கு, எந்த நாளுக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று அப்போதே எழுந்து கேளுங்கள். கேட்டதைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். நாள் குறிக்காமல் ஒத்திவைத்தால், எதிர்த்து வாக்களித்த பழி எவருக்கும் இல்லை, காரியமும் நடப்பதில்லை.

"அலுவலகக் குறிப்புப் பெற்றுப் பரிசீலிக்கலாம்" என்று திருப்பி அனுப்பப்படுவது மூன்றாவது. இதனைத் தோல்வி என்று எண்ணி முகம் வாடுகிறவர்கள் உண்டு. உண்மையில் இது நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பொறியாளர் மதிப்பீடு செய்வார். நில அளவர் இடத்தைப் பார்ப்பார். கணக்கர் நிதி எந்தத் தலைப்பில் இருக்கிறதென்று எழுதுவார். அந்தக் குறிப்பு வரும்வரை வாரந்தோறும் அலுவலகப் படியேறுவது உங்கள் கடமை.

நாமே திரும்பப் பெறுவது நான்காவது. "தலைவர் உறுதி கொடுத்தார், ஆகவே திரும்பப் பெற்றேன்" என்பார்கள். அந்த உறுதி நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கிறதா என்று பார்த்தால், "உறுப்பினர் தமது தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்" என்ற ஒரு வரிதான் இருக்கும். கொடுத்த வாக்குறுதி காற்றோடு. திரும்பப் பெற்றது மட்டும் ஏட்டோடு!

வாக்கெடுப்பிலே தோற்பது ஐந்தாவது. சரிபாதியாகப் பிரிந்து, தலைமை வகிப்பவரின் இரண்டாவது வாக்கினால் தோற்பதும் இதிலே அடங்கும். பிரிட்டிஷ் பொது அவையிலே சபாநாயகர் டெனிசன் 1867இல் வகுத்த மரபு ஒன்று இன்றும் போற்றப்படுகிறது. சமநிலை ஏற்படும்போது தலைமை வகிப்பவர் தம் வாக்கினால் ஒரு புதிய பெரும்பான்மையை உண்டாக்கலாகாது. மேலும் விவாதம் நடக்க வாய்ப்பிருந்தால் அதற்கு வழிவிட வேண்டும் என்பது அதன் கருத்து. நமது மன்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல அது. ஆனால் நமது தோழர்கள் தலைமை நாற்காலியில் அமரும்போது நினைவிற் கொள்ளத்தக்க நாகரிகம்.

ஆறாவது வகை விந்தையானது: மன்றத்திலே வென்ற பிறகு மேலிடத்திலே வீழ்வது. 1920ஆம் ஆண்டு, சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆனால் தொடக்கக் கல்விக்குரிய நிதியிலிருந்து அச்செலவைச் செய்யலாகாது என்று அரசு தடுத்துவிட, 1925இல் அது நின்றுபோயிற்று. பிள்ளைகளின் தட்டு காலியாயிற்று. ஆயினும் அந்தத் தீர்மானத்தின் நினைவு அழியவில்லை. 1950களில் காமராசர் ஆட்சியில் மதிய உணவாகவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாகவும், 2022இல் காலை உணவாகவும் அதே எண்ணம் விரிந்து விரிந்து வந்ததை நாடறியும்.

மறுத்ததால் மாறானது முடிவாகிவிடுமா?

இங்கே ஒரு நுட்பத்தை மனத்திற் பதியவைக்க விரும்புகிறேன். "இந்த வீதியிலே பொதுக்குழாய் அமைக்க வேண்டும்" என்ற தீர்மானம் தோற்றால், "இந்த வீதியிலே குழாய் அமைக்கலாகாது" என்று மன்றம் முடிவு செய்துவிட்டதாகப் பொருளா? இல்லவே இல்லை! முன்பிருந்த நிலை அப்படியே நீடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த மாதம் அந்த வீதி மக்கள் மனுக் கொடுத்தால், "மன்றம் ஏற்கெனவே மறுத்துவிட்டது" என்று மனுவின் ஓரத்தில் எழுதித் திருப்பிவிடுவார்கள். நமது உறுப்பினரும் அதை நம்பிவிடுகிறார். "எந்தத் தீர்மான எண்ணின்படி குழாய் அமைக்கத் தடை விதிக்கப்பட்டது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அப்படி ஓர் எண் இராது.

அதே பொருளை மீண்டும் கொண்டுவரலாமா என்றால், அதற்கு ஒழுங்கு உண்டு. நாடாளுமன்ற மக்களவையிலே, ஒரு கூட்டத்தொடரில் முடிவு கண்ட பொருளை அதே கூட்டத்தொடரில் மறுபடியும் கொண்டுவர விதி இடந்தருவதில்லை.  ஒரே விவாதத்தை நாள்தோறும் நடத்தி அவையின் காலத்தை வீணாக்கலாகாது என்பதற்காகத்தான் அந்த விதி. உங்கள் மன்றத்துக்கு எது விதி என்பதை நூலைப் பிரித்துப் பாருங்கள். 1998இல் இயற்றப்பட்டு, நெடுங்காலம் செயலுக்கு வராமல் கிடந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023இல் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தேர்தல் வெற்றிக்கு வெடி வாங்கிய செலவில் பாதியைப் போட்டால் இரண்டு நூல்களையும் வாங்கிவிடலாம்!

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். குழு வேறு, மன்றம் வேறு. பெரும்பாலான பொருள்களில் குழுவின் வேலை ஆராய்ந்து பரிந்துரைப்பது. குழுவிலே ஐந்து பேர் மறுத்ததை, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து முழு மன்றத்தின் முன் வைக்க வழியிருக்கும்போது, ஐந்து பேரின் மறுப்பை ஊரின் மறுப்பாக எண்ணிக் கலங்குவானேன்?

சிறுவாணி சொல்லும் பாடம்

கோவையிலே நின்றுகொண்டு பொறுமையைப் பற்றிப் பேச, வெளியூர் எடுத்துக்காட்டு எதற்கு? நீங்கள் காலையில் பருகிய நீரே சான்று கூறும்.

கோவை நகராட்சி 1866இல் அமைந்தது. நொய்யல் ஊரைத் தொட்டு ஓடினாலும், கோடையிலே அது மணற்பாதை. குளங்களையும் கிணறுகளையும் நம்பி வாழ்ந்த ஊர் இது. பத்திரிகையாளரும் அச்சகம் நடத்தியவருமான சேலம் பகடால நரசிம்மலு நாயுடு அவர்கள், மேற்கு மலையிலிருந்து சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணத்தை 1889 அளவிலேயே எடுத்துரைத்தார். காட்டுக்குள் நடந்து சென்று நீர்வழியைக் கண்டுவந்தார் என்று ஊர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பதில் என்ன கிடைத்தது? "செலவு மிகுதி. சிறிய ஊருக்குத் தாங்காது." திட்டம் ஒதுக்கப்பட்டது.

செலவு மிகுதி என்றவர்களைப் பகைவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அன்றைய நகராட்சியின் வருவாயைக் கருதினால், அவர்கள் கூறியதில் உண்மையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பின்னர் என்ன ஆயிற்று? ஆலைகள் பெருகின, ஊர் பெருகிற்று, வரி வருவாய் பெருகிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் இந்த ஊரை மீண்டும் மீண்டும் தாக்கிற்று. பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு இன்றும் கோயில் நிற்கிறதே, அந்த அச்சம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நெருக்கடியான வீதிகளும் சுகாதாரக் கேடும் எத்தனை உயிர்களை வாங்கும் என்பதை ஊர் கண்கூடாகக் கண்டது. ஒரு காலத்தில் "செலவு" என்று தோன்றியது, இப்போது "தேவை" என்று தோன்றிற்று.

சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைமையிலிருந்து இத்திட்டத்துக்காகப் பெரிதும் உழைத்தார். 1929இல் சிறுவாணி நீர் கோவைக்கு வந்து சேர்ந்தது. அவர் பெயரால் விளங்குவதுதான் ஆர்.எஸ். புரம். முதற்குரல் எழுந்ததற்கும் முதற்குழாயிலே நீர் வந்ததற்கும் இடையே நாற்பது ஆண்டுகள். முதற்குரல் எழுப்பிய நாயுடு அவர்கள் 1922இலேயே மறைந்துவிட்டார். தாம் கேட்ட நீரைத் தாம் பருகவில்லை.

கதை அத்தோடு முடியவுமில்லை. 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது சிறுவாணி கேரளத்தில் அமைந்தது. 1973இல் இரு மாநில அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, பின்னர் அணை எழுந்தது. ஒருமுறை வென்ற காரியத்தையும் மீண்டும் மீண்டும் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கும் சிறுவாணியே சான்று.

நாற்பது ஆண்டுகள் காத்திருங்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. குடத்தோடு நிற்கும் தாய்மார்களிடம் அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நான் சொல்வது இது: மறுக்கப்பட்ட அன்று சொல்லப்பட்ட காரணம் எது, அந்தக் காரணம் எப்போது மாறும், அதை மாற்ற நாம் செய்யக்கூடியது எது – இதைக் கண்காணித்துக் கொண்டே இருப்பவனுக்கு நாற்பது ஆண்டு வேலை நாலு மாதத்திலும் முடியலாம்.

என் தோல்வி

பிறருக்கு உபதேசம் செய்கிறவன் தன் ஏட்டையும் திறந்து காட்ட வேண்டும். கொங்கு நாட்டிலே ஒரு சிற்றூரின் மன்றத்தில் நான் உறுப்பினனாக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்குப் பொதுக்குழாய், கழிப்பிடம், தெருவிளக்கு, படிப்பகம் ஆகிய நான்கையும் கேட்டு ஒரே தீர்மானம் கொண்டுவந்தேன். மதிப்பீடு கிடையாது, இடத்தின் வரைபடம் கிடையாது. ஆனால் பேச்சு இருந்தது! அரைமணி நேரம் பேசினேன். தலைமையில் இருந்தவரைத் தாக்கினேன். எதிர்வரிசையை ஏளனம் செய்தேன். ஆதரவு ஏழு, எதிர்ப்பு பதினொன்று. அன்று மாலையே கடைவீதியில் கண்டனக் கூட்டம். அதிலும் நன்றாகவே பேசினேன், நல்ல கைதட்டல்.

மூன்றாம் நாள் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். முதிய அம்மையார் ஒருவர் துடைப்பம் கட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, வேண்டாமுன்னவங்க என்ன காரணஞ் சொன்னாங்க?"

எனக்கு விடை தெரியவில்லை. அவர்கள் பேசும்போது நான் கேட்கவே இல்லை. அடுத்து எப்படித் தாக்குவதென்று சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்ப நாங்களே போயிக் கேட்டுப்போட்டு வரட்டுங்களா?" என்றார் அந்த அம்மையார். ஏளனமில்லை; வேலை முடிய வேண்டுமே என்ற கவலைதான். சொன்னபடியே இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு, எதிர்த்து வாக்களித்த ஓர் உறுப்பினர் வீட்டுக்குச் சென்றார். திரும்பி வந்து சொன்ன செய்தி இது: நான் காட்டிய இடம் வாய்க்கால் புறம்போக்கு; அங்கே கட்டடம் எழுப்பினால் தணிக்கையில் தடை எழும்; குழாய்க்கு அந்தத் தடை இல்லை; குழாயைத் தனியே கேட்டிருந்தால் அவரே கை தூக்கியிருப்பார்.

ஐந்து மாதம் கழித்துக் குழாயும் விளக்கும் மட்டும் கேட்டு, அளவுப் படமும் மதிப்பீடும் இணைத்துத் தீர்மானம் வந்தது. முன்மொழிந்தவர், முன்பு எதிர்த்த அந்த உறுப்பினர். வழிமொழிந்தவன் நான். எதிர்ப்பின்றி நிறைவேறியது. மறு ஆண்டு, வேறு இடத்திலே கழிப்பிடம் எழுந்தது. படிப்பகம் மட்டும் நான் பதவியிலிருந்த வரை எழவே இல்லை. அந்தக் கடன் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

ஆனால் தோழர்களே, அந்த ஐந்து மாதம்! விடியலுக்கு முன் நெடுஞ்சாலையைக் கடந்து, லாரிகளுக்கிடையே குடம் சுமந்து வந்தார்கள் அந்தப் பெண்கள். நான் பெற்ற கைதட்டலுக்கு விலை கொடுத்தவை அவர்களுடைய கால்கள். இதை மறைத்து உங்கள் முன் நான் பேசினால் என் பேச்சுக்கு மதிப்பில்லை.

தோற்ற அன்றே செய்ய வேண்டியவை

ஆகவே, தீர்மானம் தோற்ற அன்று என்ன செய்வது?

அன்றிரவே எழுதி வையுங்கள். எதிர்த்தவர் யார் யார், ஒவ்வொருவரும் சொன்ன காரணம் என்ன என்பதை, உங்கள் சொல்லில் அல்ல, அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். வாக்குகளைப் பெயரோடு பதியச் சொல்லும் வாய்ப்பிருந்தால் கூட்டத்திலேயே கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் நடவடிக்கைக் குறிப்பு உறுதி செய்யப்படும்போது கையெழுத்துப் போடும் அவசரத்தில் இராமல், உங்கள் பொருள் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறதென்று படியுங்கள். படி கிடைக்கவில்லை என்றால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; சாதாரணக் குடிமகனே கேட்டுப் பெறலாம்.

ஒரு வாரத்துக்குள் மக்களிடம் போங்கள். வெற்றிச் செய்தியைச் சொல்லச் சுவரொட்டி அடிக்கிறோம். தோல்விச் செய்தியைச் சொல்ல வெட்கப்பட்டு அந்த வீதியையே தவிர்க்கிறோம். "கேட்டேன், மறுத்தார்கள், காரணம் இது, அடுத்தபடி இது" என்று நேரில் சொல்லும் உறுப்பினரை மக்கள் வெறுப்பதில்லை. ஊராட்சியிலே கிராமசபை இருக்கிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே மக்கள் வாயிலாகவே அந்தக் கோரிக்கை எழட்டும். நகரத்திலே வட்டக்குழுவும் பகுதி சபையும் அதற்கு இடந்தரும்.

பின்னர், காரணங்களை வகைப்படுத்துங்கள். பணமில்லை என்றால், எந்தத் திட்டத்தில் எந்த நிதி என்று தேடுங்கள். நிலம் தடை என்றால் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். விதி தடை என்றால் எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள். "உன் வட்டத்துக்குச் செய்தால் என் வட்டத்துக்கு?" என்பது காரணமானால், அதையும் இழிவாக எண்ணாதீர்கள், அவரையும் ஒரு வட்டத்து மக்கள்தானே அனுப்பியிருக்கிறார்கள்! இரண்டு வட்டங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

இவற்றுக்குப் பின் தீர்மானத்தைத் திருத்தி, சுருக்கி, வேண்டுமாயின் இரண்டாகப் பிரித்துக் கொண்டுவாருங்கள். பழைய தாளிலே தேதியை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தால், பழைய முடிவே வரும்.

சில தீர்மானங்கள் திரும்பி வரலாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தவர் கூறியது சரி என்று உங்கள் மனமே சொன்னால், விட்டுவிடுங்கள். வீம்புக்காக இரண்டாம் முறை கேட்பது மக்கள் தொண்டு ஆகாது.

வெளிநடப்பு எப்போது?

"அப்படியானால் வெளிநடப்பே கூடாதா? தந்தை பெரியார் காஞ்சி மாநாட்டை விட்டு வெளியேறவில்லையா?" என்று கேட்பீர்கள். வெளியேறினார். எப்போது? வகுப்புவாரி உரிமைக் கோரிக்கையை 1920இல் திருநெல்வேலி மாநாட்டிலிருந்து மாநாட்டுக்கு மாநாடு வலியுறுத்தி, நமது திருப்பூரிலே 1922இல் கூடிய மாநாட்டையும் கடந்து, 1925இல் காஞ்சிபுரத்திலும் அதற்கு இடமில்லை என்றான பிறகு வெளியேறினார். ஐந்தாண்டு கேட்டுவிட்டு வெளியேறியவர் அவர். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வெளியேறுகிறவர் அவரைச் சான்று காட்டலாமா? வெளியேறியவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவும் இல்லை. ஊர் ஊராகச் சென்றார். 1928இல் அமைச்சர் முத்தையா முதலியார் வகுப்புவாரி ஆணையைச் செயற்படுத்தினார். நீதிமன்றத்திலே அது வீழ்ந்தபோது மீண்டும் கிளர்ச்சி எழுந்து, 1951இல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்து குடிநீர்த் திட்டத்துக்கு உழைத்தவர் பெரியார். குழு அறையின் பொறுமையும் அவருக்குத் தெரியும். கதவைத் திறந்து வெளியேறும் நேரமும் தெரியும்.

கோகலே அவர்களையும் எண்ணிப் பாருங்கள். உள்ளாட்சி மன்றங்கள் தத்தம் பகுதியில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க இடந்தரும் மசோதாவை 1911இல் பேரரசுச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1912இல் 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகளால் அது தோற்றது. 1915இல் அவர் மறைந்தார். 1918இல் பம்பாய் மாகாணத்திலும் 1920இல் சென்னை மாகாணத்திலும் அந்த எண்ணம் சட்டமாயிற்று. 2009இல் நாடு முழுமைக்கும் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அன்று தோற்ற பதின்மூன்று பேரின் பக்கம்தான் இன்று நாடு நிற்கிறது.

நாம் தோற்கடித்த தீர்மானங்கள்

முடிக்குமுன் ஒன்று. இது உங்களுக்குக் கசக்கும். இதுவரை நாம் சிறுபான்மையாக இருந்து தோற்பதைப் பற்றியே பேசினேன். நாம் பெரும்பான்மையாக இருக்கும் மன்றங்களும் உண்டு. அங்கே மாற்றார் கொண்டுவரும் தீர்மானத்தை, யார் கொண்டுவந்தது என்று பார்த்தே கைதூக்கித் தோற்கடித்திருக்கிறோமா இல்லையா? நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள். அந்தத் தாளிலே இருந்ததும் ஒரு வீதியின் வாய்க்கால்தான். ஒரு தாயின் குடம்தான். மாற்றார் தீர்மானத்தை மறுக்க நேர்ந்தால் காரணத்தைச் சொல்லி மறுப்போம். அந்தக் காரணத்தை ஏட்டிலே ஏற்றுவோம். தேவை உண்மையானால் அதை நிறைவேற்றும் வழியையும் நாமே சொல்லுவோம். மற்றவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை முதலில் நாம் கடைப்பிடிக்க வேண்டும்.

தறி ஓடும் நாடு இது. சோமனூரிலும் பல்லடத்திலும் இருந்து வந்திருக்கும் தோழர்களுக்குத் தெரியும். நெய்யும்போது இழை அறுகிறது. அறுந்ததென்று பாவையே வெட்டி எறிகிறவர் உண்டா? தறியை நிறுத்துவார், அறுந்த இழை எது என்று தேடுவார், முடிச்சிடுவார், மீண்டும் ஓட்டுவார். எங்கே அறுந்தது என்று பாராமல் ஓட்டினால் துணி முழுதும் பழுதாகும்.

அந்த இளைஞர் இப்போது முன்வரிசையிலே அமர்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அன்று அவரை எதிர்த்த ஐவரில் நால்வரை நேரில் பார்த்துவிட்டாராம். வாய்க்கால் போய்ச் சேரும் இடம் பற்றித்தான் தகராறு என்று தெரிந்துகொண்டாராம். ஐந்தாமவரை நாளைக் காலை பார்க்கப் போகிறார். நீங்களும் ஊர் திரும்பியதும், உங்கள் மன்றத்தின் பழைய குறிப்பேட்டைப் பிரியுங்கள். தோற்றுப்போன நமது தீர்மானங்களில் ஒன்றையாவது எடுங்கள். எதனால் தோற்றதென்று, அதை எதிர்த்தவரின் வீட்டுக்கே சென்று கேளுங்கள்.